ஆர் மென்பொருளில் தரவை ஆராய்ந்து வரைபடமாக்குதல்: முழுமையான வழிகாட்டி

புள்ளியியல் கணக்குக்கும் வரைபடத்துக்கும் பயன்படும் ஆர் (R) மென்பொருளைப் புதிதாகத் திறப்பவர் பெரும்பாலும் முதலில் தட்டுவது ஒரு வரைபடக் கட்டளையைத்தான். படம் உடனே வந்துவிடுகிறது, பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை, ஆகவே வேலை சரியாக நடந்துவிட்டது என்று அவர் எண்ணிக்கொள்கிறார். அந்தப் படத்தில் எத்தனை வரிசைகள் இடம்பெற்றன, எத்தனை சத்தமின்றி விடப்பட்டன என்பதைப் படம் சொல்வதில்லை. கீழே உள்ள படிகளை இந்த வரிசையில் வைத்ததற்கு அதுவே காரணம்: ஒவ்வொரு படத்தையும் வரைவதற்கு முன்பே அதில் எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1. தொடங்கும் முன் தேவையானவை

கணினியில் ஆர் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அதனுடன், ஆரில் எழுதி இயக்குவதற்கான பணிச்சூழலாகிய ஆர்ஸ்டூடியோவும் இருந்தால் வசதி. கூடுதல் தொகுப்புகள் எதுவும் இப்போது தேவையில்லை, ஏனென்றால் ஆருடன் இயல்பாக வரும் வரைபடக் கட்டளைகளே தரவை ஆராய்வதற்குப் போதுமானவை. எடுத்துக்காட்டாக நாம் பயன்படுத்தும் ‘ஏர்குவாலிட்டி’, ‘ஃபெய்த்ஃபுல்’, ‘ஆன்ஸ்கோம்ப்’ என்னும் மூன்று தரவுத்தொகுப்புகளும் ஆருடனேயே வருகின்றன. பெயரைத் தட்டினாலே திரையில் விரியும்.

இங்கே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கில எழுத்தில், பெயருக்கு நடுவே இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். ஆர் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வெவ்வேறாகக் கருதும். ‘ஏர்குவாலிட்டி’ முழுவதும் சிற்றெழுத்து. அதன் நெடுவரிசைகளான ஓசோன், சோலார்.ஆர், விண்ட், டெம்ப், மன்த், டே ஆகியவை பெரிய எழுத்தில் தொடங்குகின்றன. ‘ஆம்’ என்று பொருள்படும் ‘ட்ரூ’, விடுபட்ட மதிப்பைக் குறிக்கும் ‘என்ஏ’ ஆகிய இரண்டும் முழுவதும் பெரிய எழுத்து. ‘ஆப்ஜெக்ட் நாட் ஃபவுண்ட்’ என்ற பிழைச்செய்தியைப் பார்த்துத் திகைத்து நிற்கும் புதியவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறியிருக்கிறார்கள்.

கட்டளைகளை உடனுக்குடன் இயக்கும் கன்சோலில் நேரடியாகத் தட்டாமல், அவற்றைச் சேமித்து வைக்கும் ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி அங்கிருந்து இயக்க வேண்டும். ஆராய்ச்சியின் நடுவே பத்துப் படங்கள் வரைந்திருப்போம். ஏழாவது படத்தை எப்படி வரைந்தோம் என்பது மறுநாள் நினைவில் இராது.

2. கோப்பை உள்ளே கொண்டுவருதல்

சொந்தத் தரவைக் கையாள்பவர் ‘ரீட்.சிஎஸ்வி’ கட்டளையில் தொடங்குகிறார். கோப்பு கிடைக்கவில்லை என்று செய்தி வந்தால், கோப்பை நகர்த்துவதற்கு முன்பு ‘கெட்டபிள்யூடி’ கட்டளையால் ஆர் எந்தக் கோப்புறையில் நின்று தேடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தசமப்புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி இடும் வழக்கமுள்ள நாட்டிலிருந்து வந்த கோப்பாக இருந்தால் ‘ரீட்.சிஎஸ்வி2’ என்னும் மாற்று வடிவம் தேவைப்படும்.

உள்ளே வந்த உடனேயே ‘எஸ்டிஆர்’ கட்டளையை இயக்க வேண்டும். அது ஒவ்வொரு நெடுவரிசையின் பெயரையும் வகையையும் முதல் சில மதிப்புகளையும் காட்டும். எண்ணாக இருக்க வேண்டிய நெடுவரிசை எழுத்துவகையாக வந்திருந்தால், ஆயிரம் எண்களுக்கு நடுவே எங்கோ ஒரு சிறுகோடோ, ‘இல்லை’ என்ற சொல்லோ, ஆயிரத்தைப் பிரிக்கும் காற்புள்ளியோ இருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு கட்டம் போதும், நெடுவரிசை முழுவதும் எழுத்தாகிவிடும். ‘என்ஏ.ஸ்ட்ரிங்ஸ்’ என்ற கூற்றில் (கூற்று என்பது கட்டளையின் அடைப்புக்குறிக்குள் தரும் விவரம்) அந்தக் குறிகளைக் குறிப்பிட்டு மறுபடி படித்தால் அவை விடுபட்ட மதிப்புகளாக உள்ளே வரும். ஆயிரத்துக் காற்புள்ளி மட்டும் இவ்வழியில் தீராது. ‘ஜிசப்’ கட்டளையால் அதை நீக்கிவிட்டு எண்ணாக மாற்ற வேண்டும்.

இங்கே ஒரு பழைய கண்ணி இருக்கிறது. 2020-இல் வந்த ஆர் 4.0.0 பதிப்புக்கு முன்பு, எழுத்துவகை நெடுவரிசைகள் இயல்பாகவே ‘ஃபேக்டர்’ வகையாக, அதாவது வெவ்வேறு மதிப்புகளுக்கு உள்ளே குறியீட்டு எண் இட்டு வைக்கும் வகையாக, மாற்றப்பட்டன. பழைய ஸ்கிரிப்டுகளில் இன்னும் அந்த வகை உலவுகிறது. ஒரு ஃபேக்டரை ‘ஆஸ்.நியூமரிக்’ கொண்டு நேரடியாக எண்ணாக்கினால், 250, 310, 480 என்ற மதிப்புகளுக்குப் பதிலாக 1, 2, 3 என்ற உட்குறியீடுகள் கிடைக்கும். எச்சரிக்கை எதுவும் வராது, படமும் அழகாகவே வரும். முதலில் ‘ஆஸ்.கேரக்டர்’, அதன்மேல் ‘ஆஸ்.நியூமரிக்’ என்ற வரிசையில் மாற்றுவதே சரி.

3. ஒரு வரிசை எதைக் குறிக்கிறது?

இதற்கு விடை தெரியாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. ‘டிம்’ கட்டளை ‘ஏர்குவாலிட்டி’க்கு 153 வரிசைகள், 6 நெடுவரிசைகள் என்று சொல்கிறது. கேள்விக்குறியை முன்னால் இட்டு அதே பெயரைத் தட்டினால் திறக்கும் உதவிப்பக்கம், இவை நியூயார்க்கில் 1973 மே 1 முதல் செப்டம்பர் 30 வரை நாள்தோறும் எடுத்த அளவீடுகள் என்கிறது. மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, கூட்டினால் 153. ஆக ஒரு வரிசை ஒரு நாள், எந்த நாளும் விடுபடவில்லை, எந்த நாளும் இருமுறை வரவில்லை என்று துணியலாம். சொந்தத் தரவிலும் இப்படி வெளியிலிருந்து ஒரு எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஒப்பிட எதுவுமில்லை என்றால் ‘டூப்ளிகேட்டட்’ கட்டளையால் இரட்டிப்பையாவது பார்த்துவிட வேண்டும்.

அதே பக்கத்தில் அலகுகளும் இருக்கின்றன. ஓசோன் நூறு கோடியில் எத்தனை பங்கு என்ற அளவிலும், காற்றின் வேகம் மணிக்கு இத்தனை மைல் என்றும், வெப்பநிலை ஃபாரன்ஹீட்டிலும் தரப்பட்டுள்ளன. பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு: ஓசோன் ரூஸ்வெல்ட் தீவில் பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை அளந்த சராசரி, காற்றின் வேகமோ லாகார்டியா விமான நிலையத்தில் காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் அளந்தவற்றின் சராசரி. இரண்டையும் ஒரே படத்தில் வைக்கும்போது, அவை ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் அளந்தவை அல்ல என்பது நம் நினைவில் இருக்க வேண்டும்.

4. விடுபட்ட மதிப்புகளை எண்ணுதல்

‘கால்சம்ஸ்’ கட்டளைக்குள் ‘இஸ்.என்ஏ’ கட்டளையையும், அதற்குள் தரவின் பெயரையும் இட்டால், ஒவ்வொரு நெடுவரிசையிலும் எத்தனை மதிப்புகள் இல்லை என்பது ஒரே வரியில் வரும். ஓசோனில் 37, சூரியக் கதிர்வீச்சைத் தரும் சோலார்.ஆரில் 7, மற்ற நான்கிலும் சுழியம். ‘கம்ப்ளீட்.கேசஸ்’ கொடுக்கும் விடையை ‘சம்’ கொண்டு கூட்டினால் எல்லா மதிப்பும் உள்ள வரிசைகள் 111 என்று தெரியும். 153-இலிருந்து 111-ஐக் கழித்தால் 42. ஆனால் 37-உம் 7-உம் சேர்ந்தால் 44. ஆகவே இரண்டு நாள்களில் ஓசோனும் கதிர்வீச்சும் சேர்ந்தே விடுபட்டுள்ளன. இந்தச் சிறு கணக்கைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் ஒவ்வொரு படத்திலும் அது தேவைப்படும். ஓசோன் உள்ள படத்தில் அதிகபட்சம் 116 புள்ளிகள்தான் இருக்க முடியும்.

எத்தனை என்று அறிந்த பின்பு எங்கே என்று பார்க்க வேண்டும். ‘டேபிள்’ கட்டளைக்கு மாதத்தையும் ஓசோன் இல்லாமையையும் கொடுத்தால், விடுபட்ட 37 நாள்களில் 21 ஜூன் மாதத்தில் மட்டும் இருப்பது தெரியும். மே, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தலா 5, செப்டம்பரில் 1. அதாவது ஜூனில் கையிலிருப்பது 9 நாள்கள்தான். ஜூனைப் பற்றி எந்தப் படம் என்ன சொன்னாலும் அதை 9 நாள்களின் சாட்சியமாகவே கொள்ள வேண்டும்.

‘மீன்’ கட்டளையை ஓசோன்மீது இயக்கினால் ‘என்ஏ’ என்றே விடை வரும். புதியவர் இதைத் தொல்லையாகக் கருதி, எல்லா இடத்திலும் ‘என்ஏ.ஆர்எம் = ட்ரூ’ என்று சேர்க்கப் பழகிவிடுகிறார். எண்ணிப் பார்த்த பிறகு அதைச் சேர்ப்பதில் தவறில்லை. எண்ணாமல் சேர்ப்பது, மென்பொருள் எழுப்பிய ஒரே எச்சரிக்கையையும் அணைத்துவிடுவதாகும்.

வேறொரு வகை இல்லாமையை ‘இஸ்.என்ஏ’ கண்டுபிடிக்காது. சில கருவிகளும் படிவங்களும் விடுபட்டதை -99 என்றோ 999 என்றோ பதிவுசெய்கின்றன. ‘சம்மரி’ கட்டளையில் சிறும, பெரும மதிப்புகளைப் பார்க்கும்போது, அந்த அளவுக்கு நடக்கவே முடியாத எண் தென்பட்டால் அதுவே அடையாளம்.

5. ஒவ்வொரு நெடுவரிசையையும் தனியாகப் பார்த்தல்

இரண்டு மாறிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. அதைச் சற்றே தள்ளிவைக்க வேண்டும். ஒரு மாறியின் பரவல் தெரியாவிட்டால், இரண்டையும் எதிரெதிரே புள்ளிகளாக வைக்கும் சிதறல் படத்தில் காணும் வளைவு உறவினால் வந்ததா, பரவலின் சாய்வினால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது.

‘சம்மரி’ ஓசோனுக்குச் சராசரி 42.13 என்றும் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) 31.5 என்றும் தருகிறது. சிறுமம் 1, பெருமம் 168. சராசரி இடைநிலையைவிட இவ்வளவு கூடுதலாக இருந்தால், பெரிய மதிப்புகளின் பக்கம் நீண்ட வால் இருக்கிறது என்று பொருள். ‘ஹிஸ்ட்’ கட்டளை வரையும் ஹிஸ்டோகிராம், மதிப்புகளைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் எத்தனை என்பதைச் செவ்வகமாக்கி, அதைக் கண்முன் காட்டும்.

ஹிஸ்டோகிராமில் கட்டத்தின் அகலமே கதையைத் தீர்மானிக்கிறது. இதைக் காண ‘ஃபெய்த்ஃபுல்’ தரவை எடுத்துக்கொள்வோம். எல்லோஸ்டோன் பூங்காவில் உள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் 272 பீச்சல்கள் ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் நீடித்தது என்பது அதில் உள்ளது. கட்ட எல்லைகளை 0, 2, 4, 6 என்று கொடுத்தால் 55, 85, 132 என மூன்று செவ்வகங்கள் படிக்கட்டுபோல் ஏறும். நீண்ட பீச்சல்களே மிகுதி என்று முடிவுகட்டிவிடுவோம். எல்லைகளைக் கொடுக்காமல் ஆரின் இயல்பான தேர்வுக்கு விட்டால் அரை நிமிட அகலத்தில் 55, 37, 5, 9, 34, 75, 54, 3 என வரும். இப்போது இரண்டு குன்றுகளும் நடுவே ஒரு பள்ளமும் தெரிகின்றன. சராசரி 3.49 நிமிடம் அந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது: 3 முதல் 3.5 நிமிடம் வரை நீடித்த பீச்சல்கள் 272-இல் 9 மட்டுமே. சராசரியை மட்டும் அறிக்கையில் எழுதியிருந்தால், ஏறக்குறைய நிகழாத ஒன்றை வழக்கமானதாகக் காட்டியிருப்போம்.

ஆகவே எந்த ஹிஸ்டோகிராமையும் குறைந்தது மூன்று அகலங்களில் வரைந்து பார்க்க வேண்டும். ‘பிரேக்ஸ்’ என்ற கூற்றுக்கு ஒற்றை எண்ணைக் கொடுத்தால் ஆர் அதைப் பரிந்துரையாக மட்டுமே கொண்டு, முழுமையான எல்லைகளைத் தானே தேர்ந்தெடுக்கும். பத்து கேட்டால் எட்டு வருவதற்குக் காரணம் இதுதான். துல்லியமாக வேண்டுமானால் எல்லைகளை ‘செக்’ கட்டளையால் வரிசையாகக் கொடுக்க வேண்டும்.

பெட்டிப்படத்துக்கு ‘பாக்ஸ்பிளாட்’ கட்டளை. அது நடுப்பாதி மதிப்புகளைப் பெட்டியாகவும், ஒதுங்கிய மதிப்புகளைத் தனிப் புள்ளிகளாகவும் காட்டும். ஓசோனில் 135-உம் 168-உம் அப்படி நிற்கின்றன. பெட்டியின் விளிம்பிலிருந்து, பெட்டி நீளத்தின் ஒன்றரை மடங்குக்கு அப்பால் இருப்பதே இதற்கு அளவுகோல். அந்த மதிப்பு தவறானது என்று ஆர் தீர்ப்புச் சொல்லவில்லை. வால் நீண்ட தரவில் அத்தகைய புள்ளிகள் இயல்பாகவே வரும். அவற்றை உடனே நீக்குவது புதியவர்கள் செய்யும் தவறுகளில் மிகவும் விலையுயர்ந்தது என்பது என் கருத்து. இன்னொன்றும் உண்டு: மேலே சொன்ன இரட்டைக் குன்றைப் பெட்டிப்படம் முற்றிலும் மறைத்துவிடும். எனவே ஹிஸ்டோகிராமைப் பார்க்காமல் பெட்டிப்படத்தை மட்டும் நம்பக் கூடாது.

6. இரண்டு மாறிகளை எதிரெதிரே வைத்தல்

‘பிளாட்’ கட்டளையை இரு வகையில் எழுதலாம். காற்புள்ளியிட்டு எழுதினால் முதலில் வருவது கிடை அச்சு. அலைக்குறியிட்டு ‘ஓசோன் ~ டெம்ப்’ என்று எழுதினால் முதலில் வருவது செங்குத்து அச்சு. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அச்சுகள் இடம்மாறிவிடுகின்றன. படத்தின் அச்சுப்பெயரைப் படித்த பின்பே புள்ளிகளைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இந்தப் படத்தில் 116 புள்ளிகள் இருக்க வேண்டும். மீதி 37 நாள்களை ஆர் எந்தச் செய்தியும் இன்றி விட்டுவிட்டது. அந்த 116-உம் தனித்தனியாகத் தெரியாமலும் போகலாம், ஏனெனில் வெப்பநிலை முழு எண்களாகவே பதிவாகியிருப்பதால் சில புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழக்கூடும். ‘ஜிட்டர்’ கட்டளை மதிப்புகளை மிகச் சிறிதளவு அசைத்துப் பிரித்துக் காட்டும். அசைத்த மதிப்புகளைப் படத்துக்குள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தரவில் திரும்ப எழுதிவிடக் கூடாது.

அடுத்து ‘ஸ்கேட்டர்.ஸ்மூத்’ கட்டளையால் ஒரு மென்வளைவை இட்டுப் பார்க்க வேண்டும். ஓசோன், வெப்பநிலை இரண்டுக்கும் இடையே அந்த வளைவு தொடக்கத்தில் ஏறக்குறையச் சமமாகச் சென்று, வெப்பமான நாள்களில் செங்குத்தாக ஏறுகிறது. இதைப் பார்க்காமல் ‘ஏபிலைன்’ கொண்டு நேர்கோட்டை முதலிலேயே போட்டுவிட்டால் கண் அந்தக் கோட்டையே பின்தொடரும், வளைவு கண்ணில் படாது.

இரு மாறிகள் நேர்கோட்டில் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதை -1 முதல் 1 வரை ஓர் எண்ணாகத் தரும் ஒட்டுறவுக் கெழு இதற்குப் பிறகுதான். ‘கார்’ கட்டளை விடுபட்ட மதிப்பு இருந்தால் ‘என்ஏ’ தரும். ‘யூஸ்’ என்ற கூற்றில் ‘கம்ப்ளீட்.ஆப்ஸ்’ என்று கொடுத்தால் ஓசோனுக்கும் வெப்பநிலைக்கும் 0.70, ஓசோனுக்கும் காற்று வேகத்துக்கும் -0.60 என்று வரும். எண் மட்டும் போதாதா என்று கேட்பவரிடம் நான் ‘ஆன்ஸ்கோம்ப்’ தரவைத் திறக்கச் சொல்வேன். புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் 1973-இல் வெளியிட்ட நான்கு தொகுப்புகள் அவை. ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் சராசரிகள் 9-உம் 7.5-உம், நான்கிலும் ஒட்டுறவு ஏறக்குறைய 0.82. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டை ஒரே புள்ளி இழுத்துச் சாய்த்திருக்கிறது, மற்றொன்றில் ஒரே புள்ளிதான் உறவையே உண்டாக்கியிருக்கிறது.

கோட்டுப்படம் வரைய ‘டைப்’ கூற்றுக்கு எல் என்ற சிற்றெழுத்தைக் கொடுக்கும்போது, ஆர் வரிசைகளை அவை இருக்கும் ஒழுங்கிலேயே இணைக்கும். கிடை அச்சின் மதிப்புகள் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் குழந்தை கிறுக்கியது போன்ற படம் வரும். ‘ஆர்டர்’ கட்டளையால் முதலில் வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும்.

7. குழுக்களாகப் பிரித்துப் பார்த்தல்

மாதம் 5, 6, 7, 8, 9 என்று எண்ணாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் ‘பிளாட்’ கட்டளையில் ஓசோனை மாதத்துக்கு எதிரே வைத்தால் ஐந்து செங்குத்துப் புள்ளிவரிசைகள் கிடைக்கும். ‘ஃபேக்டர்’ கட்டளையால் மாதத்தை வகையாக மாற்றிவிட்டு அதே கட்டளையை இயக்கினால் ஐந்து பெட்டிகள் கிடைக்கும். கட்டளை மாறவில்லை, மாறியின் வகைதான் மாறியது. எதிர்பாராத படம் வந்தால் முதலில் ‘எஸ்டிஆர்’ பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அந்த ஐந்து பெட்டிகளில் ஜூன் பெட்டியும் மற்றவற்றைப் போலவே நேர்த்தியாக நிற்கும். அதற்குள் 9 நாள்களே உள்ளன என்பதற்கு அறிகுறி எதுவும் இராது. ‘வார்விட்த் = ட்ரூ’ என்று சேர்த்தால், பெட்டியின் அகலம் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறைந்து ஜூன் ஒடுங்கிக் காட்டும். மாதவாரியான ஓசோன் சராசரிகள் 23.6, 29.4, 59.1, 60.0, 31.4, இவற்றில் இரண்டாவது எண்ணை மட்டும் தயக்கத்துடன் எழுத வேண்டும்.

சராசரிகளை ‘அக்ரிகேட்’ கட்டளையால் பெறுவோர் ஒரு பொறியில் சிக்குகிறார்கள். எல்லா நெடுவரிசைகளும் வேண்டும் என்று அலைக்குறிக்கு முன்னால் வெறும் புள்ளியை இட்டால், எந்த நெடுவரிசையிலாவது மதிப்பு விடுபட்ட வரிசை முழுவதுமாகத் தள்ளப்படும். அப்போது ஜூன் மாத வெப்பநிலையின் சராசரிகூட 30 நாள்களுக்கானதாக இராது. ஓசோன் அளவிடப்பட்ட 9 நாள்களுக்கானதாக இருக்கும். வெப்பநிலையில் ஒரு மதிப்பும் விடுபடவில்லையே என்று எண்ணி இதை யாரும் சந்தேகிப்பதில்லை. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக ‘டிஅப்ளை’ இயக்குவது நீளமான வழிதான், ஆனாலும் பாதுகாப்பானது.

மூன்று மாறிகளைச் சேர்த்துப் பார்க்க ‘கோபிளாட்’ உதவும். ‘ஓசோன் ~ விண்ட் | டெம்ப்’ என்று எழுதினால், வெப்பநிலையை ஒன்றோடொன்று மேற்படியும் ஆறு இடைவெளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறுபடம் தரும். இப்படங்களைக் கீழ் இடது மூலையிலிருந்து வலப்புறமாகவும், பிறகு மேல் வரிசையிலும் படிக்க வேண்டும். புத்தகம் படிப்பதுபோல் மேலிருந்து படித்து, உறவைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சிறுபடங்கள் ஒன்றையொன்று மேற்படிவதால் ஒரே நாள் இரண்டு படங்களில் வரலாம். அவற்றின் புள்ளிகளைக் கூட்டி மொத்தம் காண முயல வேண்டாம்.

8. படத்தைக் கோப்பாகச் சேமித்தல்

வரிசை இதுதான்: முதலில் ‘பிஎன்ஜி’ கட்டளையில் கோப்பின் பெயர், அகலம், உயரம் ஆகியவற்றைத் தர வேண்டும், அடுத்து வரைபடக் கட்டளைகள் அனைத்தும், இறுதியாக ‘டெவ்.ஆஃப்’ கட்டளை, வெற்று அடைப்புக்குறிகளுடன். கடைசிக் கட்டளையை மறந்தால் கோப்பு முழுமையாக எழுதப்படாது, அதற்குப் பின் வரையும் படங்களும் திரைக்கு வராமல் அதே கோப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். படமே வரவில்லை, மென்பொருள் கெட்டுவிட்டது என்ற புகார் வந்தால் நான் முதலில் ‘டெவ்.ஆஃப்’ தட்டச் சொல்கிறேன். பெரும்பாலும் அதுவே போதுமாகிறது.

‘ஃபிகர் மார்ஜின்ஸ் டூ லார்ஜ்’ என்ற செய்தி தரவைப் பற்றியது அன்று. ஆர்ஸ்டூடியோவில் படம் காட்டும் பலகம் மிகச் சிறிதாக இருப்பதையே அது சொல்கிறது. பலகத்தை இழுத்துப் பெரிதாக்கினால் சரியாகிவிடும். ‘பார்’ கட்டளையால் திரையை இரண்டாகப் பிரித்திருந்தால், வேலை முடிந்ததும் பழைய அமைப்புக்குத் திருப்ப வேண்டும், இல்லையேல் அடுத்த படமும் பாதித் திரையில் ஒடுங்கும்.

சேமிக்கும் படத்தில் ‘எக்ஸ்லேப்’, ‘ஒய்லேப்’ கூற்றுகளால் அச்சுப்பெயருடன் அலகையும் எழுதுங்கள். தலைப்பிலோ படத்தின் அடியிலோ எத்தனை வரிசைகள் இடம்பெற்றன, எத்தனை விடுபட்டன என்றும் எழுதுங்கள். ஓசோன் படத்துக்கு ‘153 நாள்களில் 116’ என்ற அளவே போதும். பிறகு ஆரை மூடி, பணியிடத்தைச் சேமிக்கவா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று சொல்லி, மறுபடி திறந்து ஸ்கிரிப்டை முதல் வரியிலிருந்து இயக்குங்கள். அதே எண்களும் அதே படமும் வந்தால் கோப்பை அனுப்பலாம். வராவிட்டால், ஏதோ ஒரு கட்டளை ஸ்கிரிப்டில் ஏறாமல் கன்சோலிலேயே தங்கிவிட்டது. ஆர்ஸ்டூடியோவின் ‘ஹிஸ்டரி’ பலகத்தில் அதைத் தேடி எடுக்கலாம்.